கரையில் சுருண்ட அலை

அரியலூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு நத்தைக் கல்லைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய ஓடைகளில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும், மண் கரைந்து அங்கங்கே எட்டிப் பார்க்கும். ஆட்டுக்கொம்பைப் போல உள்நோக்கிச் சுருண்டு, முதுகில் வரி வரியாக. அதற்கு அம்மோனைட் என்று பெயர், எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நாங்கள் நம்பவில்லை. குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் கடலாவது ஒன்றாவது. ஆனாலும் கல் பொறுக்குவதை விடவில்லை. என் சாக்பீஸ் பெட்டியில் பதினோரு கற்கள் இருந்தன. எட்டாவது படிக்கும்போது வீடு மாறியதில் பெட்டி எங்கேயோ போய்விட்டது.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் இஸ்லாமிய உலகக் கூடத்தில், அந்தக் கற்கள் ஒரு தட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். துருக்கியின் இஸ்னிக் ஊரில் 16ஆம் நூற்றாண்டில் செய்த தட்டு. நடுவில் துலிப், கார்னேஷன், தக்காளி நிறத்தில் கொஞ்சம் மேடாகத் தடவிய சிவப்பு. கூட்டம் முழுக்கப் பூவைத்தான் பார்த்தது. எனக்கு விளிம்பை விட்டுக் கண் நகரவில்லை. மெல்லிய கறுப்புக் கோட்டில் சுருள் சுருளாக, நீலம் தோய்த்து, நடுநடுவே மொட்டு மாதிரி ஒரு வெள்ளை உருவம். அச்சு அசல் நத்தைக் கல்.

என்னை அழைத்துப்போனவர் அந்த ஊரில் முப்பது வருஷமாக இருப்பவர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். பழைய பீங்கான் என்றால் உயிர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். "இது என்ன அண்ணே, நத்தையா?" என்று கேட்டேன். சிரித்தார். "அலை தம்பி. அலையும் பாறையும்னு இந்தக் கரைக்குப் பேரு." எங்கே அலை என்று நான் குனிந்து தேடுவதைப் பார்த்துவிட்டு, "சீனாக்காரன் கையில இருந்த வரைக்கும் அலை. இவன் கைக்கு வந்ததும் நத்தை ஆயிடுச்சு. புரியாம காப்பி அடிச்சா இப்படித்தான்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் இரண்டு வருஷம் என்னைப் படுத்தியது. அண்ணன் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சட்டென எதிர்த்துப் பேச எனக்கு விஷயம் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி என்று தலையாட்டவும் மனசு வரவில்லை. அந்தச் சுருள்களைப் போட்ட கையில் தடுமாற்றமே இல்லை. புரியாமல் எழுதுகிறவனின் எழுத்து நடுங்கும். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய எல்லோருக்கும் அது தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தட்டின் விளிம்பை இந்தக் கட்டுரை முழுக்கக் கரை என்றே எழுதப் போகிறேன். வேட்டிக்கும் சேலைக்கும் சொல்கிற அதே கரைதான். அலையைப் பற்றிப் பேசும்போது வேறு எந்தச் சொல்லும் எனக்கு ஒத்துவரவில்லை.

மேல்மாடியில் அசல்

அண்ணன் அன்றைக்கே என்னை மேலே இழுத்துக்கொண்டு போனார். அதே கட்டடத்தின் 95ஆம் அறையில் பெர்சிவல் டேவிட் சேகரித்த சீனப் பீங்கான்கள், கிட்டத்தட்ட 1,700 உருப்படிகள், கண்ணாடி அலமாரிகளில் நிற்கின்றன. அவற்றில் ஒரு ஜோடி ஜாடிகள் உலகப் பிரசித்தம். 1351ஆம் வருஷம் ஒரு கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது என்று கழுத்திலேயே எழுதியிருப்பதால், நீல வெள்ளைப் பீங்கானின் காலத்தைக் கணிக்க எல்லோரும் இதைத்தான் ஆணியாக அடித்து வைத்திருக்கிறார்கள். ஜாடி முழுக்க அடுக்கடுக்காகப் பட்டைகள். செவ்வந்திக் கொடி, வாழை இலை, மேகத்தில் ஃபீனிக்ஸ், தாமரைக் கொடி, அப்புறம் நடுவில் பெரிதாக ஒரு டிராகன். டிராகனுக்குக் கீழே ஒரு குறுகலான பட்டை. "இதுதான் பாரு" என்றார் அண்ணன்.

அலைதான். சந்தேகமே இல்லை. இழைக்கோடுகளை வில் வில்லாக அடுக்கி நீரின் உடம்பு, அதன் மேல் வெள்ளையாக விட்ட நுரை. கீழே கூடத்தில் பார்த்த சுருளுக்கும் இதற்கும் என்ன உறவு என்று முதலில் பிடிபடவில்லை. நுரையின் முனை கொக்கி போல வளைகிற இடத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ பொறி தட்டியது. டிராகன் இருப்பதால் அலைக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. சீன டிராகன் நீரோடு உறவுள்ளது. மேகத்திலும் கடலிலும் அதற்குப் பங்கு உண்டு. டிராகன் பறக்கிற ஜாடியில் அலை இருப்பது, முருகன் படத்தில் மயில் இருப்பது மாதிரி. பாறையும் அப்படித்தான். கடலுக்கு நடுவே எழும்பி நிற்கிற பாறை ஆயுளுக்கும் நிலைபேற்றுக்கும் அடையாளம். பிற்காலத்தில் சீனப் பேரரசர்களின் டிராகன் அங்கியின் அடிப்பகுதியில் அலையையும் பாறையையும் வரிசையாகத் தைத்தார்கள். அங்கேயும் கரைதான், துணிக்கரை.

டிராகன் போய் அலை மட்டும் தங்கியது அடுத்த கட்டம். மிங் வம்சத்தின் யோங்லே பேரரசர் காலத்துப் (1403–1424) பெரிய தட்டுகள் சிலவற்றில் நடுவே மூன்று திராட்சைக் கொத்துகள், சரிவில் தனித்தனிப் பூக்கிளைகள், கரையில் உடைந்து சிதறுகிற அலை. திராட்சைக்கும் கடலலைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. கரை என்றால் அலை என்று அதற்குள் வழக்கமாகிவிட்டது. ஆக அண்ணன் சொல்கிற 'புரியாமை' துருக்கியில் தொடங்கவில்லை, சீனாவிலேயே தொடங்கிவிட்டது என்று அன்றைக்கு ராத்திரி படுக்கையில் தோன்றியது. மறுநாள் விமானத்தில் அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை.

கடல் பார்க்காத ஊர்கள்

அந்தப் பீங்கானைச் செய்த ஜிங்தெஜென் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் வரைபடத்தில் தேடினேன். ஜியாங்ஷி மாகாணம். அந்த மாகாணத்துக்குக் கடற்கரையே கிடையாது. மலையும் ஆறும் சூழ்ந்த ஊர். பக்கத்து காவோலிங் குன்றில் கிடைத்த வெள்ளை மண்ணால்தான் அந்த மண்ணுக்கே கயோலின் என்று பேர் வந்தது. அதைச் சுமார் 1,300 டிகிரியில் சுட்டால் விளக்கு வெளிச்சம் ஊடுருவுகிற பீங்கான். இஸ்னிக்கும் கடலோரம் இல்லை, ஏரிக்கரை ஊர். பழைய நைசியா. ஆக, கடல் இல்லாத ஊரில் வரைந்த கடலை, கடல் இல்லாத இன்னொரு ஊரில் பார்த்து வரைந்திருக்கிறார்கள். கடல் வற்றிப்போய்ப் பல கோடி வருஷமான ஊர்க்காரன் அதைப் பார்த்து நத்தைக் கல் என்கிறேன். இதில் யார் யாருக்குப் புரியவில்லை என்று சொல்வது?

ஜிங்தெஜென் பட்டறைகள் எப்படி இயங்கின என்பதற்கு ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1712இல் எழுதிய கடிதம் இருக்கிறது. தான்த்ரகோல் என்று பெயர். ஒரு பாத்திரம் முடிவதற்குள் எழுபது பேர் கைபடுகிறது என்று அங்கே பேசிக்கொண்டதாக எழுதுகிறார். வரைவதிலும் ஆள் ஆளுக்கு ஒரு வேலை. ஒருவர் பூவின் கோட்டை இழுப்பார், இன்னொருவர் அதில் வண்ணம் தோய்ப்பார். மலையும் நீரும் ஒருவருக்கு, பறவையும் மிருகமும் வேறொருவருக்கு. விளிம்புக்குக் கீழே முதல் வண்ண வளையத்தைப் போடுவது மட்டுமே வேலையாக ஒருவர் இருந்திருக்கிறார்! நான் அந்த மனிதரை நினைத்துப் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் வந்து வளையம், மத்தியானம் வளையம், சாயங்காலம் வளையம். அவர் மகனுக்கும் அதுதான் வாய்த்திருக்குமோ என்னவோ. இப்படிப்பட்ட பட்டறையில் அலையைப் போடுகிறவர் கடலை நினைத்துக்கொண்டா போடுவார்? நேற்றுப் போட்ட அலையை நினைத்துக்கொண்டு போடுவார்.

இஸ்னிக்கில் மண்ணே வேறு. அங்கே கயோலின் கிடையாது, அந்தச் சூடும் கிடையாது. பெரும்பங்கு குவார்ட்ஸ் கல்லைப் பொடித்து, கண்ணாடித் தூளும் கொஞ்சம் வெள்ளைக் களிமண்ணும் சேர்த்துப் பிசைந்த உடம்பு. மாவை விட மணலுக்கு நெருக்கமானது, சக்கரத்தில் நிற்க அடம்பிடிக்கும். அதன் மேல் தூய வெள்ளைப் பூச்சு, அதன் மேல் ஓவியம், அதன் மேல் ஈயம் கலந்த பளபளப்பு, சுமார் 900 டிகிரிச் சூளை. பொருள் ஒன்றுகூட சீனாவுடையது இல்லை, ஆனால் தோற்றத்தில் சீனாவைத் தொட்டுவிட வேண்டும். இதைக் காப்பி என்று சொல்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் நாக்கூசுகிறது. இட்லி அரிசி கிடைக்காத நாட்டில் ரவையைக் கொண்டு இட்லி ஊற்றுகிற வேலை. ருசி வந்துவிட்டால் அதைத் திருட்டு என்போமா?

நிறத்தின் கதையோ தலைகீழ். சீனாவை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய அந்த நீலத்துக்கான கோபால்ட், யுவான் வம்சக் காலத்திலும் மிங் தொடக்கத்திலும் ஈரான் பக்கத்திலிருந்து போனது. இரும்பு கூடிய தாது என்பதால் வண்ணம் தடித்து விழுந்த இடங்களில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பொங்கும். அது குறை. முந்நூறு வருஷம் கழித்து, சுத்தமான நீலம் கையில் இருந்த சிங் வம்சத்து ஓவியர்கள் பழைய பாத்திரங்களை நகலெடுத்தபோது, அந்தக் கறுப்புப் புள்ளிகளைத் தூரிகையால் ஒவ்வொன்றாக வைத்தார்கள். சீனாக்காரரே சீனாக்காரரை, குறை உட்பட, காப்பி அடித்திருக்கிறார். அண்ணனிடம் சொல்ல வேண்டியவற்றில் இதையும் குறித்து வைத்தேன்.

பெயரில் ஒட்டியிருக்கும் ஊர்

துருக்கி மொழியில் ஓட்டுச் சித்திர வேலைக்கு 'சினி' என்று பெயர். சீனாவுடையது என்று அர்த்தம். சீன ஜாடிகளை, துருக்கியை ஆண்ட ஒட்டோமான்கள் 'ஃபக்ஃபூரி' என்றார்கள். சீனப் பேரரசருக்குப் பாரசீகத்தில் வழங்கிய ஃபக்ஃபூர் என்ற பட்டத்திலிருந்து வந்தது. தாமரையை ஒத்த அடுக்குப் பூவுக்கு 'ஹதாயி', அதாவது கத்தாய் நாட்டது, சீனாவின் பழைய பேர் அது. பிளந்த இலைக் கொடிக்கு 'ரூமி', ரோமர் ஆண்ட நாட்டது. ஒரு தட்டை எடுத்துப் பாகம் பாகமாகப் பேர் சொன்னால் நிலப்படத்தை வாசிப்பது போலிருக்கும். நாம் மட்டும் என்ன, பாத்திரத்தைச் சுட்டும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பீங்கானைத் தமிழ்தான் என்று நினைத்துக்கொண்டு நானூறு முறை எழுதுகிறோம். எங்கள் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டியபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்திலும் அப்படியே. வந்து இறங்கிய பண்டம் பேரையும் கூடவே இறக்கிவிடுகிறது, சில சமயம் இடையில் கைமாற்றிவிட்ட ஊரின் பேரை.

இஸ்னிக் பட்டறைகள் சமகாலச் சீனப் பாணியைப் பெரும்பாலும் சட்டை செய்யவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1520, 30களில் அவர்கள் நகலெடுக்கத் தொடங்கியது நூறு வருஷத்துக்கு முந்தைய யோங்லே காலத்துத் திராட்சைத் தட்டை. தாத்தா காலத்துச் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொள்வது மாதிரி. திராட்சையே மத்திய ஆசியாவிலிருந்து ஹான் வம்சக் காலத்தில் சீனாவுக்குப் போன பயிர். இஸ்னிக்கைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கொடியை விட்டுவிட்டு, சீனர் வரைந்த அதே மூன்று கொத்துகளை அதே இடத்தில் வரைந்தார் அந்த ஓவியர். திராட்சையில் அவ்வளவு விசுவாசம் காட்டியவர் கரைக்கு வந்ததும் ஏன் அலையைச் சுருட்டினார்? நடுவில் கண்ணை நம்பியவர் ஓரத்தில் எதை நம்பினார்? அண்ணனின் வாக்கியம் இந்தக் கேள்வியாக மாறியபோதுதான் எனக்கு அதனோடு சண்டை போட ஒரு பிடி கிடைத்தது.

டோப்காபி அரண்மனையைப் பார்க்க இஸ்தான்புல் போனதும் இதற்காகத்தான், வீட்டில் வேறு காரணம் சொன்னேன். 1574 தீவிபத்துக்குப் பிறகு கட்டடக் கலைஞர் மீமார் சினான் திருத்திக் கட்டிய, வரிசையாகப் புகைக்கூண்டுகள் நிற்கிற சமையற்கூடங்களோடு சேர்ந்ததுதான் அங்குள்ள சீனப் பீங்கான் தொகுப்பு. பத்தாயிரத்துக்கும் மேல் உருப்படிகள். பச்சைநிறச் செலடான் தட்டில் விஷம் கலந்த உணவை வைத்தால் தட்டு காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை, 1514 போரில் ஈரானின் தப்ரீஸிலிருந்து வந்த கொள்ளைப் பண்டம், எல்லாம் வழிகாட்டிகள் சொல்லும் கதைகள்தான், நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆனால் என் கேள்விக்குப் பதில் அங்கே கிடைக்கவில்லை. மறுநாள் ஒரு சின்னப் பட்டறையில், பொழுதுபோகாமல் போய் உட்கார்ந்த இடத்தில் கிடைத்தது.

பதினேழாவது அலை

சுற்றுலாப் பயணிகளுக்காக ஒருநாள் வகுப்பு. சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் வயது. எல்லோரும் அவரை 'ஹோஜாம்' என்று கூப்பிட்டார்கள், நம் ஊரில் டீச்சர் என்பது போல. ஆளுக்கு ஒரு சுட்ட தட்டு, பளபளப்பு ஏற்றாதது, 25 சென்டிமீட்டர். நடுவிலுள்ள பூவுக்கு ஊசியால் துளையிட்ட தாளை வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் புள்ளிக்கோலம் போல உருவம் இறங்கிவிடும். கரைக்குத் தாள் இல்லை, கையால்தான் போட வேண்டும் என்றார். முதலில் கறுப்புக் கோடு, அதற்குத் 'தஹ்ரீர்' என்று பேர். தூரிகை கழுதைப் பிடரி மயிராம். வேறு எந்த மயிரும் இவ்வளவு நீளமாகக் கோடு இழுக்காது என்று சைகையில் சொல்லிவிட்டுக் கழுதை மாதிரி கத்தியும் காட்டினார்.

நான் கைப்பேசியில் வைத்திருந்த சீன அலையின் படத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். புரிந்து காப்பி அடிப்பது என்று முடிவு. மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு அலை என்று கணக்குப் போட்டால் சுற்றளவுக்கு இருபத்தாறு வரும். ஹோஜாம் படத்தையும் என்னையும் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் டீ எடுக்கப் போனார்.

முதல் அலைக்குப் பத்து நிமிஷம். சுமாராக வந்தது, நுரைக்கு மூன்று விரல்கூட வைத்தேன். ஆனால் சுட்ட மண் தாகமெடுத்த மண். தூரிகை பட்டதுமே மையைக் குடித்துவிடுகிறது. அழிக்க முடியாது, திருத்த முடியாது, தயங்க முடியாது. தயங்கினால் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. அலையின் முனை கொக்கியாக வளைந்து முடிகிற இடத்தில்தான் கை தயங்கும், ஏனென்றால் அங்கேதான் தூரிகையை எடுக்க வேண்டும். என் முதல் எட்டு அலைகளின் மூக்கிலும் ஒரு மரு. ஒன்பதாவதில் தூரிகையை எடுக்காமல் வளைந்த வாக்கிலேயே கொஞ்சம் உள்ளே ஓட்டினேன். மை தீரத் தீரக் கோடு மெலிந்து தானாக மறைந்தது, மரு இல்லை. பத்தாவதில் இன்னும் கொஞ்சம். நுரையின் விரல்கள் எப்போது காணாமல் போயின என்று எனக்கே தெரியாது. சக்கரத்தை இடது கை தள்ள, வலது மணிக்கட்டு அதே இடத்தில் சுழல, பதினேழாவது அலையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், நத்தைக் கல்.

உடம்பு சிலிர்த்தது என்று எழுதினால் நாடகமாக இருக்கும். உண்மையில் எனக்கு வந்தது சிரிப்பு. கைப்பேசியில் அலை அப்படியே இருக்கிறது. எனக்கு அது அலை என்று நன்றாகத் தெரியும், பாறை தெரியும், டிராகன் தெரியும், 1351 தெரியும். அத்தனையும் தெரிந்த கைதான் பதினேழாவதில் சுருட்டிவிட்டது.

இன்னொரு சிக்கல் கடைசியில் காத்திருந்தது. கரை என்பது கிளம்பிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். என் கணக்கெல்லாம் தப்பி, இருபத்து நாலு போட்டதும் ஒன்றரை அலைக்கான இடம் மிச்சம். அரை அலை என்று ஒன்று கிடையாது. அலைக்கு முன்னும் பின்னும் உண்டு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஓட வேண்டும், நடுவில் ஒன்று குட்டையாக நின்றால் பல் போன வாய் மாதிரி தெரியும். விழித்துக்கொண்டிருந்தேன். ஹோஜாம் வந்தார், தூரிகையை வாங்கினார். மிச்ச இடத்தில் ஒரு சுருளைத் தொடங்கி, வழக்கமாகப் போடுவதைவிட ஒரு சுற்று கூடுதலாகப் போட்டார். இடம் நிரம்பிவிட்டது. சுருளுக்கு அந்த வசதி உண்டு. இடம் கூடினால் ஒரு சுற்று கூட்டு, குறைந்தால் ஒரு சுற்றைக் குறை, யாருக்கும் தெரியாது. தூரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். எல்லாம் அரை நிமிஷம்.

இஸ்னிக்கின் பழைய பட்டறைகளிலும் அலை இப்படித்தான் சுருண்டது என்று ஒருநாள் வகுப்பை வைத்து நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அந்தக் காலத்துத் துருக்கிப் பட்டறைக் கைகள் சுருளுக்குப் பழகியவை என்பதற்குச் சான்று அதே பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1529 என்று ஆர்மீனிய மொழியில் எழுதிய ஒரு நீல வெள்ளைக் குப்பி, கழுத்து உடைந்துபோனது. உடம்பு முழுக்க இழைச் சுருள், சுருள் மேல் துளித்துளி இலை. சுல்தானின் துக்ரா முத்திரைக்குப் பின்னால் தங்கக்கோட்டில் ஓடுகிற அதே சுருள். இந்தப் பாணிப் பாத்திரத் துண்டுகள் இஸ்தான்புல்லின் தங்கக் கொம்புக் கழிமுகப் பக்கம் கிடைத்ததால் அந்தப் பேரையே அதற்கு வைத்துவிட்டார்கள். திராட்சைத் தட்டுகளைச் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம். சீன அலை அந்தக் கைகளுக்கு வந்து சேர்ந்தபோது அவை ஏற்கெனவே சுருளில் யோசித்துக்கொண்டிருந்தன. நான் இங்கிலீஷ் பேசினால் அதில் அரியலூர் வருவதில்லையா, அந்த மாதிரி.

இதற்காக இஸ்னிக்கின் எல்லாக் கரைகளையும் தூக்கிப் பிடிக்க நான் தயாரில்லை. 17ஆம் நூற்றாண்டு நகர நகர வேலை தளர்ந்துவிட்டது. சிவப்பு செங்கல் பழுப்பாகிறது, பச்சை கோட்டைத் தாண்டி வழிகிறது, கரைச் சுருள் அவசரக் கையெழுத்தாகிறது. அரண்மனை நிர்ணயித்த விலை போதவில்லை, பணத்தின் மதிப்பு இறங்கியது, ஆர்டர் குறைந்தது. அந்த நூற்றாண்டின் நடுவில் ஊருக்கு வந்த பயணி எவ்லியா செலெபி, முன்னூறு பட்டறை இருந்த இடத்தில் ஒன்பதுதான் மிஞ்சியிருப்பதாக எழுதினார். அந்தக் காலத்துத் தட்டுகளைப் பார்த்து அண்ணன் 'கெட்டுப்போச்சு' என்றால் எனக்கு மறுப்பில்லை. அங்கே அலை கெட்டதல்ல விஷயம், சோறு கெட்டது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் தியோடோர் டெக், ஃபிளாரன்ஸில் கந்தகாலி போன்றவர்கள் இஸ்னிக்கைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். இஸ்னிக்குக்கு நிகரான சாமர்த்தியம். அவர்கள் சுருளைச் சுருளாகவே பார்த்தார்கள், அலை என்ற ஞாபகமே வேண்டியிருக்கவில்லை. ஏலக் கடைகளின் பட்டியல்களில் இந்தக் கரைக்கு இன்னொரு பேர் வழங்குகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அம்மோனைட் சுருள்! நான் கண்ணாடிப் பெட்டி முன்னால் உளறியதைத்தான் அவர்கள் காசு வாங்கிக்கொண்டு அச்சடித்திருக்கிறார்கள்.

என் தட்டைச் சூளையில் வைத்துப் பளபளப்பு ஏற்றி மூன்று வாரம் கழித்து அனுப்பினார்கள். நீலம் கொஞ்சம் கலங்கியிருந்தது, நடுப்பூ பரவாயில்லை. சமையலறைச் சுவரில் மாட்டினேன். போன மார்கழியில் அண்ணன் ஊருக்கு வந்தவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வாதங்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன, ரசம் ஊற்றுகிற வரை பொறுத்தேன். அதற்குள் அவரே எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு தட்டைச் சுவரிலிருந்து கழற்றினார்.

"நீ போட்டதா?"

"ஆமாண்ணே. ஒரு இடம் மட்டும் டீச்சர் கை."

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போனார். மரு வைத்த எட்டு அலைகளைப் பார்த்தார், அது சுருளாவதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தட்டை மெதுவாகத் திருப்ப ஆரம்பித்தார், ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று.

"எங்கடா சேர்த்தா அந்தம்மா?" என்றார்.

நான் மோர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.